மலையகத்துக் கறவை மாடுகளை ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு: கடிதம் முதல் கொட்டில் வரை

பேராதனை, வந்தாறுமூலை, கிளிநொச்சி, பதுளை என்று இலங்கையில் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் சரி, இறுதி ஆண்டு ஆய்வு என்று வந்ததும் பலருக்கு மலையகத்துப் பால் மாடுதான் நினைவுக்கு வரும். நிலைபேறான பாற்பண்ணை, விலங்கு நலன் இரண்டுமே மேற்பார்வையாளர்கள் சட்டென்று தலையாட்டும் தலைப்புகள். தலைப்பு எழுத ஒரு மாலைப் பொழுது போதும். அதற்கு அனுமதி எடுத்து, சரியான ஆளைப் பிடித்து, சரியான நேரத்தில் கொட்டிலுக்குள் கால் வைப்பதில்தான் மாதங்கள் கரைகின்றன. நான் ஏறி இறங்கிய படிகளை நீங்களும் ஏறி இறங்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பட்டப்படிப்பு, முதுமாணி மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியது. சிறு நிறுவனத்துக்காகக் கணக்கெடுப்புச் செய்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. முன்மொழிவு எழுத முன்னர் மிருக வைத்தியர் அலுவலகத்துக்குப் போங்கள்

எல்லோரும் இதைக் கடைசியில் செய்கிறார்கள். முதலில் செய்யுங்கள். ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவையும் ஏதாவது ஒரு அரச கால்நடை வைத்திய அலுவலகம் பார்த்துக்கொள்ளும். அங்கே வைத்திய அதிகாரியும், வீடு வீடாகப் போய் ஊசி போடுகிற கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியரும் இருப்பார்கள். எந்தத் தோட்டத்தில் மாடு அதிகம், எந்த டிவிசனுக்குப் (தோட்டத்தின் உட்பிரிவுக்கு) பாதை உடைந்திருக்கிறது, எங்கே கால்-வாய் நோய் (காலிலும் வாயிலும் புண் வரும் தொற்றுநோய்) வந்து ஆட்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதெல்லாம் போதனாசிரியருக்கு விரல்நுனியில் இருக்கும். கூகுளில் இது கிடைக்காது.

வெறுங்கையோடு போய் “சேர், ஒரு ரிசேர்ச் செய்யணும்” என்று நிற்காதீர்கள். ஒரே பக்கத்தில் எதைப் பார்க்கப் போகிறீர்கள், எத்தனை வீடு, எந்த மாதம், மாட்டைத் தொடுவீர்களா இல்லையா என்று எழுதி எடுத்துப் போங்கள். செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு அழைப்பு வந்தால் அவர்கள் உடனே கிளம்பியாக வேண்டும், ஆகவே முதல் நாளே போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

ஒரு பொறி: அலுவலகப் பதிவேட்டில் இருக்கும் பண்ணையாளர் பட்டியலை அப்படியே எடுத்து அதிலிருந்து மாதிரி தெரிவு செய்வது. அதில் மாட்டை விற்றுவிட்டவர்களும் இருப்பார்கள். பால் சேகரிப்பு நிலையத்தின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தாலும் தேநீர்க் கடைக்கும் அக்கம்பக்கத்துக்கும் மட்டும் பால் ஊற்றுகிறவர்கள் விடுபடுவார்கள். அவர்களைப் போதனாசிரியரிடமோ பால் சேகரிப்பவரிடமோ கேட்டுத்தான் சேர்க்க முடியும்.

2. யாருடைய மாடு என்று தீர்மானியுங்கள்

மலையகத்தில் குறைந்தது மூன்று விதமான மாட்டு வாழ்க்கை இருக்கிறது. அம்பேவல போன்ற பெரிய தனியார் பண்ணைகளும், பொப்பத்தலாவ, டயகம போன்ற தேசிய கால்நடை அபிவிருத்திச் சபையின் பண்ணைகளும் ஒரு விதம். தோட்ட லயங்களுக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டி வளர்ப்பது இன்னொரு விதம். தோட்டத்துக்கு வெளியே கிராமங்களில் மரக்கறித் தோட்டத்தோடு சேர்த்து வளர்ப்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே ஆய்வில் ஒப்பிடுகிறேன் என்று கிளம்பினால் மூன்று தனித்தனி அனுமதி வேலை, மூன்று விதக் கேள்விக்கொத்து, பெரும்பாலும் இரண்டு மொழி. முதல் ஆய்வுக்கு ஒன்றைப் பிடியுங்கள்.

பெரிய பண்ணையும் வேண்டும், லயத்து மாடும் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் பெரிய பண்ணையை முதலில் முடியுங்கள். பத்துக் கொட்டில் ஏறி இறங்கிய சப்பாத்தோடு நூற்றுக்கணக்கான மாடுகள் நிற்கும் இடத்துக்குப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அனுப்பத்தான் வேண்டும்.

3. நெறிமுறை ஒப்புதல்

இதற்குக் குறைந்தது மூன்று மாதம் ஒதுக்குங்கள். நெறிமுறைக் குழு தினமும் கூடுவதில்லை. கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும்.

உங்கள் ஆய்வில் இரண்டு விதமான உயிர்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன. மாட்டைப் பார்ப்பதற்கும் தொடுவதற்கும் விலங்கு ஆய்வு ஒப்புதல். மாட்டுக்காரரிடம் கேள்வி கேட்பதற்கு மனிதர் சம்பந்தப்பட்ட ஆய்வுக்கான ஒப்புதல். பலர் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். சில பீடங்களில் ஒரே குழு இரண்டையும் பார்க்கும், சிலவற்றில் வேறு வேறு. முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

“நான் சும்மா பார்க்கத்தானே போகிறேன், ஒப்புதல் எதற்கு?” என்று கேட்கத் தோன்றும். நல்ல சஞ்சிகை எதுவும் ஒப்புதல் இலக்கம் இல்லாத கட்டுரையை எடுக்காது. தரவு எடுத்து முடித்தபின் பின்திகதியிட்டு யாரும் ஒப்புதல் தரவும் மாட்டார்கள். இரத்தம் எடுப்பதென்றால் பதிவுபெற்ற மிருக வைத்தியர் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும், அவர் பெயர் விண்ணப்பத்தில் வர வேண்டும். முதல் ஆய்வுக்கு ஊசி வேண்டாம் என்பது என் கருத்து. கண்ணாலும் கையாலும் அளக்கக்கூடியதே ஏராளம் இருக்கிறது.

விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டியவை: ஆய்வு முன்மொழிவு, கேள்விக்கொத்து, தகவல் தாள், சம்மதப் படிவம், மேற்பார்வையாளர் கடிதம். தகவல் தாளும் சம்மதப் படிவமும் தமிழில் இருக்க வேண்டும். கிராமத்துக்கும் போவதென்றால் சிங்களத்திலும். ஆங்கிலப் படிவத்தை வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் யாருக்கும் புரியாத ஒரு சாமான் வரும். உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் இரண்டாம் தடவை கேட்டால் திருத்தி எழுதுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குக் கைநாட்டுக்கும் சாட்சிக்கும் இடம் விடுங்கள்.

4. கடிதங்கள், அவற்றின் வரிசை

ஒரு கடிதத்தின் பிரதி இல்லாமல் அடுத்த கடிதம் கிடைக்காது. ஆகவே வரிசை முக்கியம்.

முதலில் பல்கலைக்கழகத் துறைத் தலைவரின் அறிமுகக் கடிதம். அதையும் நெறிமுறை ஒப்புதலையும் இணைத்து மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்துக்கு விண்ணப்பியுங்கள். கள அலுவலகங்கள் மாகாணத்தின் கீழ்தான் வருகின்றன. பேராதனையில் இருக்கும் மத்திய திணைக்களத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்தில் மாதிரிகளைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் அங்கே எழுதுவது சரி, லயத்துக்குப் போக அது போதாது. நுவரெலியா மாவட்டம் மத்திய மாகாணம். பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளை எல்லாம் ஊவா. பலாங்கொடைப் பக்கம் சப்ரகமுவ. மலை ஒன்றுதான், மாகாணம் மூன்று. எல்லைப் பக்கத்தில் தோட்டம் தெரிவு செய்தால் இரண்டு கடிதம் எடுக்க வேண்டிவரும்.

அப்புறம் தோட்டம். லயமும் கொட்டில் நிற்கும் துண்டு நிலமும் தோட்டக் காணிக்குள் வருவதால் முகாமையாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் போகக்கூடாது. பெருந்தோட்டக் கம்பனிகளின் தலைமை அலுவலகங்கள் பெரும்பாலும் கொழும்பில் இருக்கின்றன. சில துரைமார் தாங்களே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், சிலர் “ஹெட் ஒபிஸில் கேட்டு வாங்கி வாங்க” என்பார்கள். அதனால் ஒரே நாளில் இரண்டு இடத்துக்கும் கடிதம் அனுப்பிவிடுங்கள்: தலைமை அலுவலகத்துக்கு மூலம், தோட்டத்துக்குப் பிரதி. கடிதத்தில் “தொழிலாளர் வேலை நேரத்தில் யாரையும் நிறுத்த மாட்டோம்” என்று ஒரு வரி இருந்தால் பாதிக் கேள்வி குறையும்.

முகாமையாளர் கையெழுத்துப் போட்டதும் வேலை முடிந்ததென்று நினைக்காதீர்கள். தோட்டத் தலைவர்மாருக்கும் நலன்புரி உத்தியோகத்தருக்கும் விஷயம் தெரிய வேண்டும். அனுமதிக் கடிதம் மட்டும் வைத்துக்கொண்டு லயத்துக்குள் நுழைந்தால் நீங்கள் துரை அனுப்பிய ஆள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் யாரும் உண்மையான மாட்டுக் கணக்குச் சொல்ல மாட்டார்கள். கொட்டில் எந்தக் காணியில் நிற்கிறது, புல் எங்கே அறுக்கிறார்கள், எத்தனை மாடு கட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு நாளைக்குப் பிரச்சினையாகக்கூடிய விஷயங்கள். ஆகவே தோட்டத்தின் பெயரையும் டிவிசனின் பெயரையும் ஆய்வறிக்கையில் எழுதாதீர்கள். “தோட்டம் அ, தோட்டம் ஆ” போதும். படம் எடுத்தால் போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுங்கள். தனி வீட்டுத் தரவு எதையும் தோட்ட நிர்வாகத்துக்குக் கொடுக்க மாட்டோம் என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு கேட்டால் மறுப்பது கஷ்டம்.

எல்லாக் கடிதத்திலும் நான்கு பிரதி, ஒரு பிளாஸ்டிக் உறையில். மூலத்தை வீட்டில் வையுங்கள். மழையில் நனைந்த மூலத்துக்கு மாற்றுக் கிடைப்பது பெரும்பாடு.

5. எத்தனை வீடு

கையில் முன்னைய தரவு இல்லையென்றால், நொண்டல் போன்ற ஒரு குறை பாதி மாடுகளில் இருக்கும் என்று வைத்து, 95 வீத நம்பிக்கையோடு 10 வீத வழு இடைவெளிக்கு 96 மாதிரி தேவை. வழுவை 5 வீதமாக்கினால் 384. ஒரு மாணவருக்கு 384 என்பது நடக்காத காரியம். 96ஐப் பிடியுங்கள், ஆனால் 96 வீடு. ஒரே கொட்டிலில் நிற்கும் மூன்று மாடும் ஒரே தரை, ஒரே கை, ஒரே புல். அவற்றை மூன்று தனித் தரவாக எண்ணினால் புள்ளிவிபரம் பார்ப்பவர் வாய்மொழித் தேர்வில் உங்களைப் பிடித்துக்கொள்வார்.

6. எந்த மாதம் போவது

இதில்தான் வெளியூர் மாணவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஹட்டன், வட்டவளை, தலவாக்கலைப் பக்கம் மே கடைசியிலிருந்து தென்மேல் பருவக்காற்று. ஜூன், ஜூலையில் குடையும் நிற்காது. அதே ஜூலையில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் புல் காய்ந்து கிடக்கும். அங்கே மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவில் வறட்சி, நுவரெலியாவில் விடியற்காலை உறைபனி, புல் கருகும். “மலையகத்தில் மழைக்காலம்” என்று பொதுவாக முன்மொழிவில் எழுதிவிட்டு இரண்டு பக்கமும் ஒரே மாதத்தில் தரவு எடுத்தால் நீங்கள் ஒப்பிடுவது தோட்டங்களை அல்ல, காலநிலைகளை.

முடிந்தால் ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை போங்கள்: புல் இருக்கும்போது ஒன்று, இல்லாதபோது ஒன்று. மாட்டு உடம்பு சொல்லும் கதை இரண்டிலும் வேறு. ஒரு தடவைதான் முடியுமென்றால் புல் தட்டுப்பாடான மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்.

ஏப்ரலைத் தவிருங்கள். வருடப்பிறப்பு ஒரு பக்கம், நுவரெலியா வசந்தகாலம் இன்னொரு பக்கம். தங்குமிட வாடகை எங்கோ போய்விடும், பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. தோட்டத்துத் திருவிழா எப்போதென்று தலைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த வாரமும் சரிவராது. மாட்டுப் பொங்கலன்று கேள்விக்கொத்தோடு போகாதீர்கள். கூப்பிட்டால் சும்மா போய்ப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அடுத்த கிழமை வேலை தானாக நடக்கும்.

நாளுக்குள் நேரமும் உண்டு. காலைக் கறவையின்போதும், பின்னேரம் புல்லுக் கட்டு வந்து இறங்கும் நேரத்திலும் போனால்தான் ஆள் இருக்கும், மாடும் எழுந்து நிற்கும். பகல் பதினொரு மணிக்குப் போனால் எல்லோரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். கொட்டிலில் மாடும் நீங்களும்தான்.

7. செலவு

பெரிய செலவு போக்குவரத்து. டவுனிலிருந்து தோட்டத்து வாசல் வரை பஸ் உண்டு. அங்கிருந்து கடைசி டிவிசனுக்கு ஆட்டோதான், மழையென்றால் அவர்கள் கேட்பதுதான் வாடகை. ஒரு நாளில் ஒரே டிவிசனில் காலைக் கறவையும் பின்னேரக் கறவையும் முடிக்கிற மாதிரி அட்டவணை போட்டால் இது பாதியாகும். நாளுக்கு நான்கு வீட்டுக்கு மேல் திட்டமிடாதீர்கள். அரைமணியில் முடியும் என்று நீங்கள் நினைக்கும் வீட்டில் தேநீர் குடிக்காமல் எழும்ப விடமாட்டார்கள்.

அடுத்தது ஆய்வுகூடக் கட்டணம். புல் மாதிரிக்கு மாதிரி காசு. ஒரே டிவிசனில் ஒரே வகைப் புல்லை நான்கைந்து வீட்டிலிருந்து எடுத்து நன்றாகக் கலந்து ஒரு மாதிரியாக அனுப்பினால் நாலில் ஒரு பங்குக்கு இறங்கும். கட்டணப் பட்டியலை முன்மொழிவு எழுதும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், இடையில் மாறினால் காட்ட ஆதாரம் இருக்கும்.

மடியழற்சி (மடி வீக்க நோய்) சோதனைத் திரவத்தைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள்: ஒரு காம்புக்கு 3 மில்லிலீற்றர், நான்கு காம்பு, 100 மாடு என்றால் 1.2 லீற்றர். சிந்துவதற்கும் சேர்த்து ஒன்றரை. சம்மதப் படிவம் ஆளுக்கு இரண்டு பிரதி, ஒன்று அவர்களிடம் இருக்க வேண்டும். 96 வீட்டுக்கு 192. இதோடு முழங்கால் வரை இறப்பர் சப்பாத்து, கிருமிநீக்கி, வாளி, தேய்க்கும் பிரஷ், தொங்கு தராசு, அளவு நாடா, பென்சில். பேனா வேண்டாம். ஈரத்தாளில் மை ஊறிப் போகும். அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொள்ளுங்கள்.

உதவியாளர் சம்பளத்தைத் தனியாக எழுதுங்கள். தனியாகப் போய் மாட்டைப் பார்த்துப் புள்ளி போட்டால், அந்தப் புள்ளி உங்கள் கண்ணுக்கு மட்டும் சொந்தம். இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் ஒரே இருபது மாட்டுக்குப் புள்ளி போட்டு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் களத்தில் இறங்க வேண்டும்.

8. கொட்டிலுக்குள் எதைப் பார்ப்பது

ஐந்து சுதந்திரங்கள் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள்: பசி தாகமின்மை, வசதி, நோய் வலியின்மை, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, அச்சமின்மை. அறிமுக அத்தியாயத்துக்கு அது நல்லது. களத்தில் அதை வைத்து ஒன்றும் அளக்க முடியாது. ஐரோப்பாவில் 2009இல் வெளிவந்த கறவை மாட்டு நல மதிப்பீட்டு முறையை (Welfare Quality) எல்லோரும் பதிவிறக்குவார்கள். அது மாட்டையே நேராகப் பார்க்கச் சொல்கிறது, நல்லது. ஆனால் அதில் பாதி, அவிழ்த்துவிட்ட மந்தைக்கு எழுதியது. லயத்து மாடு பெரும்பாலும் கயிற்றில் நிற்கிறது. ஆகவே பொருந்துவதை எடுத்துக்கொண்டு மீதியை விடுங்கள், எதை ஏன் விட்டீர்கள் என்று எழுதுங்கள்.

உடல் நிலைப் புள்ளி: 1 (மிக மெலிவு) முதல் 5 (மிகக் கொழுப்பு) வரை. பின்னாலிருந்து வால் அடி, இடுப்பெலும்பு, குட்டை விலா மூன்றையும் பார்த்து, கையால் தடவிப் போட வேண்டும். ஜேர்சி இயல்பிலேயே எலும்பு தெரியும் இனம். பிரீசியனுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் பட்டினி கிடக்கிற மாதிரித் தெரியும். அதேபோல் கன்று போட்டு இரண்டு மாதமான மாட்டையும் வற்றுக்கறவையில் நிற்கும் மாட்டையும் ஒரே வரியில் சேர்க்காதீர்கள். கன்று போட்ட திகதியைக் கேட்டு எழுதாத புள்ளிக்குப் பெறுமதி இல்லை.

நொண்டல்: வழக்கமான முறையில் மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பலகைத் தரையில் கட்டியிருக்கும் மாட்டை அவிழ்த்துச் சரிவில் நடக்கவிடச் சொன்னால் மாட்டுக்காரர் உங்களைத்தான் சரிவில் விடுவார். நிற்கும் மாட்டிலேயே நான்கு விஷயம் பார்க்கலாம்: ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறிப் பாரம் போடுகிறதா, ஒரு காலைத் தளர்த்தி வைத்திருக்கிறதா, தரை விளிம்பில் குளம்பை ஊன்றி நிற்கிறதா, பக்கவாட்டில் நகர்த்தும்போது ஒரு காலில் பாரம் போடத் தயங்குகிறதா. இரண்டு இருந்தால் நொண்டல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூட்டு: முன் முழங்காலையும் பின்னங்கால் மூட்டையும் பாருங்கள். 2 சென்ரிமீற்றருக்கு மேல் மயிர் உதிர்ந்த இடம், புண், வீக்கம் மூன்றையும் தனித்தனியாக எண்ணுங்கள். முழங்காலில் மட்டும் வீக்கம் இருந்தால் குனிந்து தொட்டியையும் கயிற்றையும் பாருங்கள். கயிறு குட்டையாக இருக்கும். அல்லது எழும்பும்போது தலையை முன்னால் நீட்ட இடமில்லாமல் பலகை தடுக்கும். மாடு எழும்பும்போது முன்னங்கால் முழங்காலில் ஊன்றித் தலையை முன்னே வீசித்தான் பின்பக்கத்தைத் தூக்கும். அந்த இடம் இல்லாத கொட்டிலில் அது படுக்கவே யோசிக்கும். வசதி உள்ள மாடு ஒரு நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுத்திருக்கும்.

தரை ஈரமா என்று கேட்காதீர்கள். மாடு படுக்கும் இடத்தில் நீங்களே முழங்காலிட்டுப் பத்து விநாடி இருந்து எழும்புங்கள். களிசான் நனைந்தால் ஈரம். வீட்டார் சிரிப்பார்கள், சிரித்த பிறகு பேச்சு சுலபம். குளிருக்குப் பயந்து நான்கு பக்கமும் தகரத்தாலும் பழைய சாக்காலும் அடைத்த கொட்டில்கள் மலையில் நிறைய. உள்ளே போனதும் கண் எரிந்தால் அதையும் எழுதுங்கள், காற்றுப் போக வழியில்லை என்று அர்த்தம்.

தண்ணீர்: “போதிய தண்ணீர் கிடைக்கிறதா?” என்று கேட்டால் நூற்றுக்கு நூறு “ஆமாம்”. காலையும் மாலையும் புண்ணாக்குக் கரைத்துத் தண்ணி காட்டுவார்கள், அதோடு சரி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை காட்டுகிறீர்கள், எந்த வாளி, மிச்சம் வைக்குமா என்று கேளுங்கள். வாளியை அளந்து பாருங்கள். ஒரு லீற்றர் பாலுக்கு நான்கைந்து லீற்றர் தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. வாளியை நக்கித் துடைத்து வைக்கும் மாட்டுக்குத் தண்ணீர் போதவில்லை. இது ஒன்றைத் திருத்தினாலே பால் கூடும் என்பதால் வளர்ப்பவர்களுக்கும் கேட்கப் பிடித்த விஷயம்.

பயம்: மாட்டுக்கு முன்னாலிருந்து, கையை முன்னே நீட்டியபடி, விநாடிக்கு ஓரடி வைத்து நெருங்குங்கள். எவ்வளவு தூரத்தில் தலையைத் திருப்புகிறது என்று அளவிடுங்கள். கமகமவென்று வாசனைத் தைலம் பூசிக்கொண்டு போகவேண்டாம். மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றிவிட்டு நெருங்குவதும் நல்லது.

மடி: முதல் இரண்டு பீச்சலை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு காம்புப் பாலையும் தட்டில் எடுத்து மடியழற்சித் திரவத்தோடு கலந்து சோதியுங்கள். தட்டில் இருக்கும் பாலைத் திரும்பக் கலத்தில் ஊற்றக்கூடாது, கன்றுக்கும் கொடுக்கக்கூடாது. பாகுபோல் தடித்தால் அது மடியழற்சிக்கு அறிகுறி, வீட்டாருக்கு அங்கேயே சொல்லுங்கள். எந்த மருந்து போடலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது மிருக வைத்தியரின் வேலை.

ஒரு கொட்டிலை முடித்து அடுத்ததற்குப் போகுமுன் சப்பாத்தைத் தேய்த்துக் கழுவிக் கிருமிநீக்கியில் நனையுங்கள். சாணம் ஒட்டியிருந்தால் கிருமிநீக்கி வேலை செய்யாது, முதலில் தேய்ப்பு. இதை மாட்டுக்காரர் கண்ணெதிரே செய்யுங்கள்.

9. புல், பால், சாணம்

நிலைபேறு என்ற பெரிய சொல்லுக்குக் கீழே களத்தில் அளக்க இருப்பவை இவை மூன்றுதான்.

புல்லுக் கட்டைத் தராசில் தொங்கவிடுவது சுலபம். 400 கிலோ மாட்டுக்கு உலர்பொருளாக நாளுக்கு ஏறக்குறைய 12 கிலோ வேண்டும், உடல் எடையில் 3 வீதம். மழை நாளில் 40 கிலோ கட்டு வந்து இறங்கும். அதில் உலர்பொருள் 18 வீதமென்றால் 7 கிலோ சொச்சம்தான், மீதி தண்ணீர். கட்டைப் பார்த்து “வயிறு நிறையத் தின்கிறது” என்று எழுதினால் ஆய்வே சரிந்துவிடும். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, நிறுத்து, மூடிய பையில் போட்டு, 65 பாகையில் 48 மணி நேரம் உலர்த்தி மறுபடி நிறுங்கள். சீஓ-3, கினி, கிக்கியு, தேயிலைக்குள் அறுத்த களை, கிளிரிசீடியா இலை என்று வகை பிரித்து எழுதுங்கள். தேயிலைக்குள் அறுத்த புல்லென்றால் களைநாசினி எப்போது அடித்தார்கள் என்றும் கேளுங்கள்.

மாட்டைத் தராசில் ஏற்ற வழி இருக்காது. நெஞ்சுச் சுற்றளவின் வர்க்கத்தை உடல் நீளத்தால் பெருக்கி 10,840ஆல் வகுத்தால், சென்ரிமீற்றரில் அளந்தது கிலோவில் வரும். மதிப்பீடுதான், ஆனால் எல்லா மாட்டுக்கும் ஒரே முறை.

பாலுக்கு ஞாபகத்தை நம்பாதீர்கள். பால் சேகரிப்பவர் கொடுக்கும் பால் புத்தகத்தைக் கேளுங்கள். நாள் வாரியாக லீற்றரும், இடையிடையே கொழுப்பும் இருக்கும். பல இடங்களில் சேகரிப்பு காலையில் மட்டும். பின்னேரப் பால் வீட்டுக்கும் கன்றுக்கும் அயலுக்கும் போவது புத்தகத்தில் வராது, தனியாகக் கேட்டுக் கூட்டுங்கள். ஜேர்சிப் பாலையும் பிரீசியன் பாலையும் லீற்றரில் மட்டும் ஒப்பிட்டால் நியாயமாகாது. 4 வீதக் கொழுப்பும் 3.3 வீதப் புரதமும் உள்ள பாலுக்குச் சமன்செய்து கிலோவில் எழுதுவதுதான் சர்வதேச வழக்கு.

மீதேன் வாயுவை அளக்கப் போகிறேன் என்று முன்மொழிவில் எழுதாதீர்கள். கருவி இல்லாமல் நீங்கள் செய்வது கணிப்பு. உண்ட சக்தியில் 6.5 வீதம் மீதேனாகப் போகிறது என்ற ஐபிசிசி (காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு) 2006 பெறுமானத்தை வைத்துக் கணித்தேன் என்று நேராக எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உலர்பொருள் கணக்கு பிழைத்தால் இதுவும் பிழைக்கும்.

சாணம் எங்கே போகிறது என்பதைக் கேட்பதோடு நிறுத்தாமல் பின்பக்கம் நடந்து பாருங்கள். மரக்கறிப் பாத்திக்கா, விற்பனைக்கா, உயிர்வாயுக் குழிக்கா, கானுக்கா. கான் போய்ச் சேரும் இடம் கீழ் லயத்தின் தண்ணீர்ப் பீலியாக இருக்கலாம். இதைத் தரவாக மட்டும் எழுதுங்கள், அங்கே நின்று விரல் நீட்டாதீர்கள்.

10. யாரிடம் கேட்பது

கதவைத் திறப்பவர் மாட்டைப் பார்ப்பவராக இருக்கமாட்டார். “புல் அறுக்கிறது யார், பால் கறக்கிறது யார், காசு வாங்குறது யார்?” என்று மூன்றையும் கேட்டுவிட்டு, முதல் இரண்டுக்கும் உரியவரிடம் பேசுங்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஐயா ஒருவராகவோ, மலைக்குப் போய்வந்து களைத்த அக்கா ஒருவராகவோ இருப்பார். கேள்விக்கொத்து முப்பது நிமிடத்தைத் தாண்டினால் வெட்டுங்கள். போனில் பதிவதென்றால் இணையம் இல்லாமல் இயங்கும் செயலியில் பதியுங்கள். பள்ளத்து டிவிசன்களில் சிக்னல் இருக்காது.

நாம்பன் கன்று (ஆண் கன்று) எங்கே என்ற கேள்வியைக் கடைசியில் வையுங்கள். பால் தராத கன்றுக்குப் பால் விட யாருக்கும் கட்டுப்படியாகாது. பதில் தயங்கித்தான் வரும். வற்புறுத்தாதீர்கள்.

காசு கொடுத்துப் பதில் வாங்காதீர்கள். நேரத்துக்கு நன்றியாக எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி ஒரு தாதுப்புக் கட்டி கொடுக்கலாம், நெறிமுறை விண்ணப்பத்தில் எழுதியிருந்தால். இரண்டு தடவை போகும் ஆய்வென்றால் இரண்டாம் தடவை தரவு எடுத்து முடித்தபின்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் கட்டியே பாலைக் கூட்டி உங்கள் தரவைக் கெடுக்கும்.

11. வேதனையில் இருக்கும் மாட்டைக் கண்டால்

காண்பீர்கள். புழு வைத்த புண், எழும்ப முடியாத மாடு, கழுத்தை அறுத்த கயிறு. நாட்டில் விலங்கு வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907இலிருந்தே இருக்கிறது. ஆனால் நீங்கள் பொலிஸ் இல்லை, வீட்டாரும் பெரும்பாலும் கொடுமைக்காரர்கள் இல்லை; மிருக வைத்தியருக்குச் சொல்ல ஆட்டோக் காசு இல்லாதவர்கள். என்ன கண்டால் யாருக்குச் சொல்வீர்கள் என்பதைச் சம்மதப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்: “மாட்டுக்கு அவசர வைத்தியம் தேவை என்று கண்டால், உங்களிடம் சொல்லிவிட்டு அரச மிருக வைத்தியருக்கு அறிவிப்போம்.” வைத்திய அதிகாரியின் அலுவலக இலக்கம் எப்போதும் உங்கள் போனில் இருக்கட்டும்.

12. முடிந்தபின்

தரவு எடுத்த வீடுகளுக்கு ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் முடிவைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவரவர் மாட்டின் புள்ளியும், அந்த டிவிசனின் சராசரியும், செலவில்லாமல் மாற்றக்கூடிய இரண்டு விஷயமும் அதில் இருந்தால் போதும். பால் சேகரிக்கும் இடத்தில் காலையில் நின்றால் ஒரே மணித்தியாலத்தில் பாதிப் பேரைப் பிடித்துவிடலாம். அறிக்கையின் பிரதி ஒன்று மாகாணத் திணைக்களத்துக்கு, ஒன்று வைத்திய அதிகாரிக்கு, ஒன்று தோட்டத்துக்கு. அடுத்த வருட மாணவருக்குக் கடிதம் கிடைப்பது இதில்தான் தங்கியிருக்கிறது. தோட்டத்துக்குப் போகும் பிரதியில் வீட்டு இலக்கம், லய இலக்கம், கொட்டில் படம் எதுவும் இல்லையென்று இன்னொருவரைக் கொண்டு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பெயரும் குறியீட்டு இலக்கமும் சேர்ந்திருக்கும் தாளை, நெறிமுறை விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய திகதியில் மேற்பார்வையாளர் முன்னிலையில் கிழித்துவிட்டு, கிழித்ததாக ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக் கோப்பில் போடுங்கள்.